கால்கரி போ ஆற்றில் இலையுதிர்கால பிரவுன் ட்ரவுட்: செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை என்ன கட்டுவது?

மெக்கென்ஸி_லேக்

எல்லோருக்கும் வணக்கம். கனடாவின் கால்கரி நகர எல்லைக்குள்ளேயே போ ஆற்றில் ஃப்ளை (இறகு, நூலில் செய்த போலிப்பூச்சித் தூண்டில்) கட்டி பிரவுன் ட்ரவுட் மீனைக் குறிவைப்பது பற்றிய தகவல் ஒரே இடத்தில் வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் ஹாப்பரும் (வெட்டுக்கிளி) காடிஸும் (ஒருவகை நீர்ப்பூச்சி) போட்டு, மேலே வரும் ரெயின்போ ட்ரவுட்டைப் பிடிக்கத் தெரியும். செப்டம்பர் கடைசிக்கு மேல் அதே இடத்தில் அதே ஃப்ளையை எவ்வளவு நேரம் வீசினாலும் எதுவும் எழுவதில்லை. கையில் இருப்பது 9 அடி, 5 வெயிட் ராட் (வெயிட் கூடினால் கனமான லைனை வீசும்), மிதக்கும் ஃப்ளோட்டிங் லைன். படகு கிடையாது. ஃபிஷ் கிரீக் பூங்கா, கார்பர்ன் பூங்கா, டக்ளஸ்டேல் பக்கம் நடந்து போய் இறங்குவதுதான். எப்போது எதைக் கட்டுவது, லீடர் (லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் கட்டும் மெல்லிய இழை) கணக்கு என்ன, மாட்டிய மீன் ஏன் கழன்றுவிடுகிறது? "பொறுமை வேண்டும்" என்ற பதில் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

ஆறாம்_எடை

முதலில் நாள்காட்டியை ஓரம் வைத்துவிட்டு ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். பிரவுனின் இலையுதிர்காலம் தேதியில் இல்லை, தண்ணீரின் சூட்டில் இருக்கிறது.

12 டிகிரிக்கு மேல் இருந்தால் மீன் இன்னும் கோடை மனநிலையில்தான் இருக்கும். காலையும் அந்தியும் நல்ல நேரம். 8-க்கும் 12-க்கும் நடுவில்தான் நீங்கள் தேடும் பருவம்: இனப்பெருக்கத்துக்கு முன் பெரிய பிரவுன்கள் இடம் மாற ஆரம்பிக்கும், எதிரில் வரும் எதையும் துரத்தும். ஸ்ட்ரீமரும் (சிறுமீன்போலத் தண்ணீருக்குள் இழுக்கும் ஃப்ளை) ஓடும், மேகம் மூடிய நாளில் பேட்டிஸ் என்ற சின்னப் பூச்சியின் ஃப்ளையும் ஓடும். 7-க்குக் கீழே இறங்கினால் முதிர்ந்த மீன்கள் சரளைக்கல் மேட்டுக்குப் போய்விடும், அவற்றை விட்டுவிட வேண்டும். மற்றவை ஆழமான, மெதுவான தண்ணீரில் ஒதுங்கும். 4-க்குக் கீழே பகல் 12 முதல் 3 வரைதான் ஏதாவது நடக்கும். அதற்கு முன்னால் போய் நிற்பது குளிர் காய்வதற்கு நேர் எதிரான வேலை.

அளக்கும்போது கரையோரத் தேங்கலில் அளக்காதீர்கள். ஓடும் தண்ணீரில், ஒரு அடி ஆழத்தில், நிழலில், இரண்டு நிமிடம் வையுங்கள். காலையில் ஒன்று, பிற்பகல் 2 மணிக்கு ஒன்று. சூரியன் வந்த நாளில் இரண்டுக்கும் நடுவே 2 டிகிரி வித்தியாசம் வந்தால் பிற்பகலை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, இங்கில்வுட்டில் எடுத்த அளவை டக்ளஸ்டேலுக்கு அப்படியே பொருத்த முடியாது. நடுவில் போனிபுரூக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் நீர் ஆற்றில் சேர்கிறது. அது கொஞ்சம் வெதுவெதுப்பானது, சத்தும் அதிகம். நகரத்துக்குக் கீழே பூச்சியும் மீனும் இவ்வளவு கொழுத்து வளர்வதற்கு அந்தச் சத்து ஒரு முக்கியக் காரணம். கேட்க ரம்மியமாக இல்லைதான்.

இடம்: ரெயின்போ வேகநீரில் நிற்கும். பிரவுன் கரையை ஒட்டி நிற்கும். அரித்துப்போன கரையின் அடிவயிறு, சாய்ந்த மரம், பாலத் தூண், வெள்ளத்தடுப்புக்குப் பாறை அடுக்கிய கரை. 2013 ஜூன் வெள்ளத்துக்குப் பிறகு அப்படிப் பாறை அடுக்கிய இடங்கள் நிறைய. இரண்டு முதல் நான்கு அடி ஆழமும், பக்கத்தில் ஒரு மறைவும், எட்டும் தூரத்தில் ஓட்டமும் இருந்தால் போதும். அதனால் கால் நனையும் முன்பே முதல் பத்து வீச்சை முடியுங்கள். இறங்கி இடுப்பளவில் நின்று நடு ஆற்றுக்கு வீசுபவர் பெரும்பாலும் மீன் நின்ற இடத்தின் மேலேதான் நிற்கிறார்.

வன்னியான்

ஆறாம் எடை அண்ணை சொன்னது முழுக்கச் சரி. நான் ஸ்ட்ரீமர் பக்கத்தைச் சொல்லுறன், தம்பி.

உங்கட 5 வெயிட் றொட்டோட தொடங்கலாம், ஆனா கனமான ஃப்ளை கட்டாதேங்கோ. 6-ஆம் நம்பர் கொக்கியில (நம்பர் கூடினா கொக்கி சின்னன்), கண் பாரம் இல்லாத வூலி பக்கர், இல்லாட்டி இந்த ஆத்துக்கெண்டே பேர் வாங்கின போ ரிவர் பக்கர். நிறம் ஒலிவ், கறுப்பு, மண்ணிறம். வெளிச்சம் குறைவா, தண்ணி கலங்கலா இருந்தா கறுப்பு. கண்ணாடி மாதிரித் தெளிஞ்சிருந்தா ஒலிவ். ஃப்ளோட்டிங் லைனின்ட நுனியில 5 அடி மூழ்குற பொலி லீடர் ஒண்டைப் பூட்டுங்கோ. அதுக்குப் பிறகு வெறும் 3 அல்லது 4 அடி ஃப்ளூரோகார்பன், 1எக்ஸ், அதாவது 0.25 மில்லிமீட்டர் (எக்ஸ் கூடினா இழை மெல்லிசு).

இதிலதான் கனபேர் பிழைவிடுறது. மூழ்குற நுனியைப் பூட்டிப்போட்டு, பழக்கதோஷத்தில 9 அடி லீடரையும் அதுக்குப் பின்னால விடுவினம். நுனி கீழ போகும், ஃப்ளை மேல மிதந்துகொண்டு வரும். பிரவுனுக்கு அது தலைக்கு மேல போற விமானம் மாதிரி. லீடர் கட்டையா இருந்தாத்தான் நுனியோட சேர்ந்து ஃப்ளையும் தாழும்.

வீசுறது: கரைக்கு 45 பாகை கீழ்நோக்கி, கரையில இருந்து ஒரு அடிக்குள்ள விழ வேணும். இரண்டு அடி தள்ளி விழுந்தா அது வேற மீனுக்கு. விழுந்த உடன மேல்நோக்கி ஒரு மென்ட் போட்டு (தண்ணியில கிடக்கிற லைனை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமா எடுத்துப் போடுறது) மூண்டு வினாடி தாழ விடுங்கோ. பிறகு ஒரு அடி இழுவை, நிறுத்தம், இன்னொரு இழுவை. அடி விழுறது பெரும்பாலும் அந்த நிறுத்தத்திலதான். தண்ணி 7 பாகைக்குக் கீழ எண்டா இழுவையை நாலு அங்குலமாக்கி, நிறுத்தத்தை இரட்டிப்பாக்குங்கோ. கடைசியில லைன் நேர உங்களுக்குக் கீழ தொங்கேக்க உடன தூக்காமல் ஐந்து வினாடி விடுங்கோ. பின்தொடர்ந்து வந்த மீன் அப்பவும் அடிக்கும். பிறகு ஒரு எட்டுக் கீழ நகர்ந்து அடுத்த வீச்சு. ஒரே இடத்தில நிண்டு இருபது வீச்சு வீசுறது வீண் வேலை. முதல் மூண்டு வீச்சில வராத பிரவுன் அந்த இடத்தில இல்லை, இல்லாட்டி உங்களைக் கண்டிட்டுது.

மீன் ஏன் கழருது எண்டு கேட்டீங்கள். தட்டின உடன றொட்டைத் தூக்குறீங்கள். அது நிம்ஃபுக்கு, அதாவது தண்ணிக்கடியில ஓட்டுற இளம்பூச்சி ஃப்ளைக்குச் சரி, ஸ்ட்ரீமருக்குப் பிழை. றொட் நுனி தண்ணியைத் தொட்டபடி இருக்க, லைன் பிடிச்ச கையால ஒரு முழம் இறுக்கி இழுங்கோ. கொக்கி ஏறாட்டியும் ஃப்ளை மீனுக்கு முன்னால தண்ணிக்குள்ளயே நிக்கும், திரும்பி வந்து அடிக்கும். றொட்டைத் தூக்கினா ஃப்ளை ஆகாயத்தில. மீன் ஏறினதுக்குப் பிறகு றொட்டைத் தூக்கலாம்.

தறிக்கெட்ட_லூப்

> உங்கட 5 வெயிட் றொட்டோட தொடங்கலாம்

தொடங்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சினூக் காற்று (மேற்கு மலையிலிருந்து வரும் வெப்பக்காற்று) அடிக்கும் நாளில் 5 வெயிட்டில் நனைந்த ஸ்ட்ரீமரை வீசுவது காது குத்தும் விழாவில்தான் முடியும். இலையுதிர்காலத்துக்கென்று இன்னொரு ராட் வாங்கும் எண்ணம் இருந்தால் 7 வெயிட். 6 என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள் (பெயரிலேயே வைத்திருக்கிறார் ஒருவர்!), ஆனால் 15 அடி மூழ்கும் நுனி கொண்ட லைனைத் தூக்க 7தான் வசதி.

ராட் மாற்றாமலே காற்றைச் சமாளிக்க ஒரு வழி, கரையைத் தேர்ந்தெடுப்பது. தெற்குப் பகுதியில் ஆறு பொதுவாகத் தெற்கு நோக்கி ஓடுகிறது, சினூக் மேற்கிலிருந்து வருகிறது. ஃபிஷ் கிரீக் பூங்காவின் மேற்குக் கரையில் நின்றால் காற்று முதுகில். கார்பர்ன், டக்ளஸ்டேல் கிழக்குக் கரை, காற்று நேரே முகத்தில். முதுகில் காற்று என்றால் பின்வீச்சைத் தாழ்வாக, இறுக்கமாக எடுத்து, முன்வீச்சைக் கொஞ்சம் மேல்நோக்கி விடுங்கள், காற்றே கொண்டுபோகும். முகத்தில் காற்று என்றால் லீடரை ஏழரை அடிக்குக் குறைத்து, முன்வீச்சை நீர்மட்டத்துக்குக் குறிவைத்து முடியுங்கள். கூடுதல் பலம் போட்டால் நுனி தாழ்ந்து, வீசிய லைனின் வளைவு (லூப்) தன்மேலேயே சிக்கி, லீடரில் முடிச்சு விழும். காற்று முடிச்சு என்று பழியைக் காற்றின் மேல் போடுகிறோம், செய்தது நம் கைதான். அந்த முடிச்சோடு தொடர்ந்தால் டிப்பெட்டின் (லீடரின் மெல்லிய கடைசித் துண்டு) பலம் ஏறக்குறைய பாதி.

நுனிக்கயிறு

ஸ்ட்ரீமர் பேச்சு கவர்ச்சியாக இருக்கிறது, ஆனால் நடந்து பிடிப்பவருக்கு அக்டோபரில் அதிக மீன் தருவது இரண்டு நிம்ஃப் கட்டிய இண்டிகேட்டர் (மிதவை) ரிக்தான். கணக்கைச் சொல்கிறேன்.

9 அடி 3எக்ஸ் லீடர். அதன் நுனியில் 2 மில்லிமீட்டர் டிப்பெட் வளையம். அதிலிருந்து 4எக்ஸ் ஃப்ளூரோகார்பன் (0.18 மில்லிமீட்டர்) ஒன்றரை அடி, அதன் முனையில் மேல் ஃப்ளை: 10-ஆம் நம்பர் ஸ்டோன்ஃப்ளை நிம்ஃப் அல்லது சான் வான் புழு (நூலில் செய்த போலிப்புழு). அந்தக் கொக்கியின் வளைவிலிருந்து 5எக்ஸ் (0.15) இன்னொரு ஒன்றரை அடி, முனையில் 18-ஆம் நம்பர் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப். பாரத்தை மேல் ஃப்ளைக்கு ஒரு சாண் மேலே, டிப்பெட் வளையத்துக்குக் கீழே வையுங்கள். ஈயம் வேண்டாம், டின் அல்லது டங்ஸ்டன் பசை. பசையாக இருந்தால் அரை நிமிடத்தில் கூட்டலாம், குறைக்கலாம்.

இண்டிகேட்டருக்கும் பாரத்துக்கும் இடையே தண்ணீரின் ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு. நான்கு அடி ஆழமா, ஆறு அடி. நேர் கோட்டில் தொங்காது, ஓட்டத்தில் சாய்ந்து வரும், அதனால்தான் கூடுதல். சரியாக இருக்கிறதா என்று பார்க்க இண்டிகேட்டரைப் பக்கத்தில் மிதக்கும் நுரையோடு ஒப்பிடுங்கள். நுரையைவிடக் கொஞ்சம் மெதுவாக வந்தால் ஃப்ளை அடிமட்டத்தில் இருக்கிறது. நுரையின் வேகத்திலேயே வந்தால் ஃப்ளை நடுத்தண்ணீரில் தொங்குகிறது, பாரம் கூட்டுங்கள். வேகமாக வந்தால் லைன் இழுத்துக்கொண்டு போகிறது, மென்ட் போடுங்கள். மூன்று நான்கு ஓட்டத்துக்கு ஒருமுறையாவது அடியில் தட்ட வேண்டும். தட்டவே இல்லையென்றால் ஆழத்தை மாற்றும் முன் பாரத்தை மாற்றுங்கள். நிறையப் பேர் பத்து ஃப்ளை மாற்றுவார்கள், ஒருமுறைகூடப் பாரத்தை மாற்ற மாட்டார்கள்.

செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு தொல்லை, நீர்ப்பாசியும் தண்டும் அறுந்து மிதந்து வரும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஃப்ளையைப் பாருங்கள். ஒரு இழை பாசி தொங்கினாலும் எந்த மீனும் தொடாது. பாசி மிக அதிகமென்றால் பாரத்தைக் குறைத்து, அடியிலிருந்து அரை அடி உயர்த்தி ஓட்டுவதுதான் வழி.

அறுந்தால் முனையைப் பாருங்கள், அதுவே காரணத்தைச் சொல்லிவிடும். பன்றி வால்போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியது: எச்சில் தொடாமல் இறுக்கியிருப்பீர்கள், அல்லது ஓரத்தை ஒட்ட வெட்டியிருப்பீர்கள். வெட்டினாற்போல் நேராக இருந்தால் டிப்பெட்டில் வடு இருந்தது, அல்லது டிராக் (ரீலின் பிரேக்) அளவுக்கு மீறி இறுக்கம். சொரசொரப்பாக இருந்தால் பாறையில் உராய்ந்தது. அடியில் ஓட்டும்போது அரை மணிக்கு ஒருமுறை கடைசி ஒரு அடியை விரல் நகத்தில் இழுத்துப் பாருங்கள். கொக்கியும் அப்படித்தான். கொக்கியின் கூர்முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்தால் நகத்தில் பிடிக்க வேண்டும், வழுக்கினால் மழுங்கிவிட்டது.

மெக்கென்ஸி_லேக்

அருமை, நால்வருக்கும் நன்றி. இன்னும் இரண்டு. உலர் ஃப்ளைக்கு (நீர்மேல் மிதப்பது) இலையுதிர்காலத்தில் வேலையே இல்லையா? சான் வான் புழுவோடு முட்டை ஃப்ளையும் கட்டச் சொல்லி ஒரு கடையில் சொன்னார்கள். அது சரியா?

மேகமூட்டம்

உலர் ஃப்ளை பற்றி நான் சொல்கிறேன், முட்டை விவகாரத்தில் சண்டை வரும், வேறு யாராவது தொடங்கட்டும்.

பேட்டிஸ் என்ற சின்ன மேஃப்ளைதான் இங்கே இலையுதிர்கால உலர் ஃப்ளையின் உயிர். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை, பகல் 12-லிருந்து 4 வரை. வானம் இருண்டு, லேசாகத் தூறி, காற்று இல்லாத நாளே திருநாள். ஈரப்பதத்தில் சிறகு காய நேரமாகும், பூச்சி தண்ணீர்மேல் நீண்ட தூரம் மிதக்கும், மீன் அவசரப்படாமல் உறிஞ்சும். வெயில் அடித்தால் பொரித்தவுடன் பறந்துவிடும். அளவு 18 முதல் 20, அக்டோபர் கடைசியில் 22. பாராசூட் பாணியில் ஒலிவ் உடல், பார்க்க வெள்ளைத் தூண். லீடர் 12 அடி, கடைசி மூன்று அடி 5எக்ஸ் அல்லது 6எக்ஸ் நைலான். இங்கே ஃப்ளூரோகார்பன் கட்டாதீர்கள், அது தாழும், சின்ன ஃப்ளையையும் கூடவே இழுக்கும்.

பெரிய பிரவுன் எழுவது ஒரு தெறிப்பாகத் தெரியாது. கரையோர மெதுநீரில், மழைத்துளி விழுந்த அளவுக்கு ஒரு வளையம், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப. மூக்கு, பிறகு முதுகுத் துடுப்பு, பிறகு வால் நுனி என்று வரிசையாகத் தெரிந்தால் மேற்பரப்பில் தின்கிறது. முதுகு மட்டும் தெரிந்தால் மேற்பரப்புக்குக் கீழே நிம்ஃபைத் தின்கிறது, உலர் ஃப்ளையை நிறுத்திவிட்டு ஒரு சாண் கீழே 20-ஆம் நம்பர் ஃபெசன்ட் டெயிலைத் தொங்கவிடுங்கள். மூக்குக்கும் வால் நுனிக்கும் இடையே உள்ள தூரத்தைப் பார்த்தால் மீனின் நீளமும் தெரிந்துவிடும், மனதைத் தேற்றிக்கொண்டு பிறகு வீசுங்கள்.

போவுக்கே உரிய இன்னொன்று, துடுப்புப் பூச்சி, கடைக்காரர்கள் வாட்டர் போட்மேன் என்பார்கள். இரவில் உறைபனி விழ ஆரம்பித்த பிறகு, செப்டம்பர் கடைசியில், அமைதியான இளஞ்சூடான பிற்பகலில் குளம் குட்டைகளிலிருந்து பறந்து வந்து ஆற்றில் விழும். மேகமே இல்லாமல் தூறல் விழுவதுபோலத் தெரிந்தால் இதுதான். விழுந்தவுடன் வயிற்றில் வெள்ளிக் காற்றுக்குமிழியோடு கீழே பாயும். 12 அல்லது 14-ஆம் நம்பர், பளபளக்கும் வயிறு, பக்கத்துக்கொரு ரப்பர் கால். மெதுநீர் ஓரத்தில் பட்டென்று விழ வையுங்கள், ஒரு அடி தாழவிட்டு இரண்டிரண்டு அங்குலமாக இழுங்கள். 3எக்ஸ் டிப்பெட் போதும், மெல்லியது கட்டினால் அடியிலேயே அறுந்துபோகும். இந்தக் கொண்டாட்டம் வருடத்தில் சில பிற்பகல்கள்தான், பெட்டியில் நான்கு இல்லாமல் போகாதீர்கள்.

ஆறாம்_எடை

முட்டைச் சண்டையை நான் தொடங்குகிறேன்.

சட்டப்படி முட்டை ஃப்ளை என்பது வெறும் நூல் உருண்டை. அதைக் கட்டுவதில் பிரச்சினை இல்லை. எங்கே ஓட்டுகிறோம் என்பதில்தான் பிரச்சினை. பிரவுன் முட்டையிடும் படுகையை அடையாளம் காணத் தெரியாதவர் அக்டோபர் நடுவுக்குப் பிறகு ஆற்றில் இறங்கவே கூடாது என்பது என் கருத்து.

ஒன்றரை அடிக்கு உட்பட்ட ஆழம், சீரான ஓட்டம், கோலிக்குண்டு முதல் எலுமிச்சை அளவு வரையான சரளை. சுற்றிலும் பாசி படிந்து பழுப்பாக இருக்கும்போது நடுவில் மட்டும் தேய்த்துக் கழுவினாற்போல் வெளிர்நிறத்தில் ஒரு நீள்வட்டம், மூன்று முதல் ஆறு அடி நீளம். மேல்பக்கம் ஒரு குழி, அதற்குக் கீழ்ப்பக்கம் ஒரு மேடு. பெண் மீன் வாலால் அடித்துத் தோண்டிய குழி அது. முட்டை இருப்பது குழியில் இல்லை, அந்த மேட்டுக்கு அடியில். குழியைத் தவிர்த்து மேட்டில் கால் வைக்கிறார்கள், பார்த்தால் வயிறு எரியும். ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 1500 முதல் 2000 முட்டை. பொரிக்க 400-க்கு மேல் பாகை-நாள் (ஒவ்வொரு நாளின் நீர்ச்சூட்டையும் கூட்டிய தொகை) ஆகும். 4 டிகிரித் தண்ணீர் என்றால் நூறு நாளுக்கு மேல். அதைவிடக் குளிர்ந்த ஆற்றில் இன்னும் இழுக்கும். அதாவது நவம்பரில் மட்டுமில்லை, குஞ்சு மேலே வரும் வசந்தம் வரைக்கும் அந்த வெளிர் மேட்டை மிதிக்கக் கூடாது. எல்போ ஆற்றில் கிளென்மோர் அணைக்குக் கீழே, போவின் கிளை ஓடைகள், பூங்காக்களை ஒட்டிய ஆழமில்லாத சரளை, இவற்றில் கண்ணை நன்றாகத் திறந்து நடங்கள்.

நுனிக்கயிறு

படுகையில் நிற்கும் மீனுக்கு வீசக்கூடாது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முட்டை ஃப்ளை என்றாலே குற்றம் என்ற தொனி வேண்டாம். இதே மாதங்களில் மலை வெண்மீனும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. அது குழி தோண்டாது, சரளை மேல் சிதறவிடும், நிறைய முட்டை ஓட்டத்தில் வரும். சரளைக்குக் கீழே, ஆழமான மடுவில் நின்று அதைத் தின்னும் ரெயின்போவுக்கு முட்டை ஃப்ளை ஓட்டுவதில் என்ன கேடு?

ஆறாம்_எடை

கேடு இல்லை, அந்த மடு படுகையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி. படுகையின் வாலிலேயே நின்று "நான் மடுவில்தான் ஓட்டுகிறேன்" என்பவர்களும் உண்டு. முட்டையிடும் இணைக்குக் கீழே, முறை கிடைக்காத ஆண் மீன்கள் வரிசை கட்டி நிற்கும், முட்டை ஃப்ளையை முதலில் எடுப்பது அவைதான். என் அளவுகோல்: வெளிர் திட்டு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால் அங்கே எந்த ஃப்ளையும் இல்லை. நவம்பரில் அந்தப் பக்கம் போகாமல் ஆழமான மெதுநீரில் நிம்ஃப் ஓட்டினால் வெண்மீனும் ரெயின்போவும் தாராளம்.

நுனிக்கயிறு

கண்ணுக்குத் தெரியும் தூரம் என்பது கொஞ்சம் அதிகம். தெளிந்த தண்ணீரில் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் பாதி ஆறு தெரியும். ஆனாலும் புதிதாக வருபவருக்கு அந்த அளவுகோலே பாதுகாப்பு, அதனால் விட்டுவிடுகிறேன்.

கறிவேப்பிலை_ஒய்ஒய்சி

எல்லாம் சரி, பிடித்ததை ஒன்றாவது குழம்பு வைக்கலாமா?

வன்னியான்

ஹாஹா, வந்திட்டுது. ஏலாது. நகரப் பகுதியில ட்ரவுட்டைத் திருப்பி விட வேணும், தூண்டில் இரையும் தடை. விதிப்புத்தகம் ஒவ்வொரு வருசமும் ஏப்ரல் 1-இல் மாறும், போறதுக்கு முதல் அந்தந்தத் துண்டுக்கான வரியை வாசியுங்கோ. லைசென்ஸும் அதே திகதியில புதுப்பிக்கிறதுதான்: 16 வயதுக்குக் கீழையும், அல்பர்ட்டாவில வசிக்கிற 65 தாண்டின ஆக்களுக்கும் தேவையில்லை, மற்ற ஆக்களுக்குப் பொதுவா வேணும். குழம்பு எண்டா மாகாணம் குஞ்சு விடுற குளங்கள் இருக்கு, அங்க போங்கோ.

இந்த ஆத்தில பிரவுனே 1925-இல பான்ஃப் பக்கம் வண்டி பழுதாகி, கொண்டுவந்த குஞ்சை ஓடையில விட்டதால வந்தது எண்டுதான் கதை சொல்லுறவை. விட்டதால வந்த மீன், திருப்பி விடுறதில என்ன கவலை?

பேந்து, எந்த மீன் எண்டு தெரியோணும். பிரவுனுக்கு உடம்பில கறுப்புப் புள்ளியும், வெளிர் வளையத்துக்குள்ள சிவப்புப் புள்ளியும் இருக்கும், முதுகுத் துடுப்பிலயும் கறுப்புப் புள்ளி. புல் ட்ரவுட்டுக்கு முதுகுத் துடுப்பில கறுப்பே இராது, உடம்பில மங்கின மஞ்சள், செம்மஞ்சள் புள்ளி. அது அல்பர்ட்டாவின்ட மாகாண மீன், மாகாணம் முழுக்கவே வைச்சுக்கொள்ள ஏலாது. வெண்மீனுக்குச் சின்ன வாய், பெரிய செதில், புள்ளியே இல்லை.

மேகமூட்டம்

திருப்பி விடுவது பற்றி ஒரு வார்த்தை. உறைநிலைக்குக் கீழே காற்று இருக்கும் நாளில் மீனை வெளியே தூக்கவே தூக்காதீர்கள். செவுள் இழை அவ்வளவு மெல்லியது, நொடிகளில் உறையும். ரப்பர் வலை, நனைந்த வெறுங்கை, கொக்கியின் முள்ளை இடுக்கியால் முன்பே அழுத்திவிட்டால் தண்ணீருக்குள்ளேயே கழற்றிவிடலாம். கம்பளிக் கையுறையோடு பிடித்தால் உடலின் வழவழப்பு முழுக்கக் கையுறையில் வந்துவிடும், பிறகு பூஞ்சை பிடிக்கும். தலையை ஓட்டத்துக்கு எதிரே வைத்துப் பிடியுங்கள், முன்னும் பின்னும் ஆட்ட வேண்டியதில்லை, தானாக உதைத்துப் போகும்.

கரையோரம்

இறங்கும் பாதுகாப்பைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜூன் பெருக்கோடு ஒப்பிட்டால் அக்டோபர் ஆறு சாதுவாகத் தெரியும். ஆனாலும் வினாடிக்குப் பல பத்துக் கன மீட்டர் ஓடுகிறது. மேலே மின்சாரத்துக்கான அணைகள் வரிசையாக இருக்கின்றன, கடைசி பேர்ஸ்பா. அது ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தத்தான் இருக்கிறது, இருந்தாலும் ஒரே நாளில் நீர்மட்டம் மாறும். மாகாண அரசின் ஆற்றுநிலைத் தளத்தில் கால்கரி அளவியின் வரைபடத்தைக் கிளம்பும் முன் பாருங்கள். எண்ணைவிடக் கோடு ஏறுகிறதா என்பதே முக்கியம். ஆற்றில் இருக்கும்போது கரையில் ஒரு கல்லைக் குறித்து வையுங்கள், அது நனைந்தால் திரும்புங்கள். முக்கியமாகத் தீவுத்திட்டுக்குக் கிளை ஓடையைக் கடந்து போனவர்கள்.

வேடர் (நெஞ்சுவரை வரும் நீர்புகாக் கால்சட்டை) பெல்ட் இல்லாமல் ஒரு அடிகூட வேண்டாம். இடுப்புக்கு மேலே இறுக்கிக் கட்டினால் விழுந்தாலும் உள்ளே தண்ணீர் நிரம்ப நேரமாகும். கடக்கும்போது ஓட்டத்துக்குப் பக்கவாட்டில் நின்று, கைத்தடியை மேல்பக்கம் ஊன்றி, ஒரு காலை நகர்த்தி நிலைத்த பிறகே அடுத்தது. காலைக் குறுக்கே போடாதீர்கள். முதுகை ஓட்டத்துக்குக் காட்டித் திரும்பாதீர்கள், முழங்கால் மடிந்துவிடும். விழுந்தால் மல்லாந்து, கால் கீழ்நோக்கி, கரைக்குச் சாய்வாக மிதந்து வாருங்கள். எழுந்து நிற்கும் முயற்சி முழங்காலளவு தண்ணீர் வந்த பிறகுதான், இல்லையென்றால் கால் பாறை இடுக்கில் மாட்டும். பையில் மாற்றுத் துணி ஒரு செட், தண்ணீர் புகாத உறையில். காரில் இருக்கும் துணி காருக்குத்தான் உதவும்.

பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். தடித்த காலுறை இரண்டைப் போட்டு இறுகினால் ரத்த ஓட்டம் நின்று கால் இன்னும் வேகமாக விறைக்கும். உள்ளங்கால் ரப்பர், உலோக ஆணி பதித்தது. ஃபெல்ட் (தடித்த கம்பளித் துணி) வேண்டாம், அது சேற்றையும் ஈரத்தையும் நாள்கணக்கில் வைத்திருக்கும். சுழல் நோய் (ட்ரவுட் குஞ்சைத் தாக்கும் ஒட்டுண்ணி நோய்) விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்: 2016-இல் பான்ஃப் ஜான்சன் ஏரியில்தான் கனடாவிலேயே முதலில் கண்டுபிடித்தார்கள், போ வடிநிலமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நோய்வித்து சேற்றில் வாழும் டியூபிஃபெக்ஸ் புழு வழியாகப் பரவுகிறது. பிரவுன் ஓரளவு தாங்கும், ரெயின்போ குஞ்சு தாங்காது. அதனால் வேறு ஆற்றுக்குப் போகும் முன் பூட்ஸ், வேடர், வலை மூன்றையும் பிரஷ்ஷால் தேய்த்துச் சேறு போக்கி, முழுக்க உலர்த்துங்கள். பூட்ஸின் நாக்கு மடிப்பும் கயிற்று ஓட்டையும் கடைசியாகத்தான் காயும், அங்கே விரலை வைத்துப் பாருங்கள்.

மெக்கென்ஸி_லேக்

இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. ஒன்றே ஒன்று: அக்டோபர் கடைசியில் ராட் வளையங்களில் பனிக்கட்டி கட்டி லைன் ஓட மாட்டேன் என்கிறதே, அதற்கு?

தறிக்கெட்ட_லூப்

விரலால் உடைக்காதீர்கள், ராட் நுனி முறிவது பெரும்பாலும் அப்போதுதான். நுனியை ஓடும் தண்ணீரில் பத்து வினாடி முக்குங்கள். ஆற்றுத் தண்ணீர் காற்றைவிடச் சூடு, கட்டி தானாகக் கழன்றுவிடும். கிளம்பும் முன் வளையங்களில் உதட்டுத் தைலமோ சிலிக்கோன் பசையோ தடவினால் கட்டி பிடிப்பது தாமதமாகும், நிற்காது. லைனை உள்ளே இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது தண்ணீரைக் கொண்டுவந்து வளையத்தில் விடுகிறது. அதனால் அந்தக் குளிரில் இழுத்து இழுத்து வீசும் ஸ்ட்ரீமரை விட்டுவிட்டு, ஒரே நீள லைனில் தூக்கிப் போடும் நிம்ஃபுக்கு மாறுங்கள். ரீலைத் தண்ணீரில் முக்கவே கூடாது. டிராக் உறைந்தால் முதல் ஓட்டத்திலேயே 5எக்ஸ் போய்விடும். மைனஸ் 5-க்குக் கீழே போனால் வளையத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே பகல் போய்விடும், சினூக் வரும் நாளைப் பார்த்துப் போங்கள்.

வன்னியான்

அதோட, சினூக் வந்த முதல் நாளே ஓடாதேங்கோ தம்பி. காத்து சூடாகினாலும் தண்ணி ஏற ஒரு நாள் எடுக்கும், கரையில கட்டியிருந்த பனியும் அறுந்து மிதந்து வரும். இரண்டாம் நாள் மத்தியானம் போங்கோ.